முழங்கால் பரிசோதனை: ஸ்கேனுக்கு முன் கைகள் கண்டறிவது என்ன?

முட்டி வலிக்காக எலும்பு மூட்டு மருத்துவரிடம் செல்லும் பலருக்கும் ஓர் ஐயம் எழுகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் படமாகத் தெரிந்துவிடுமே, பிறகு எதற்காக மருத்துவர் நடக்கச் சொல்லிப் பார்க்கிறார், காலை மடக்கி முறுக்குகிறார், வலிக்காத காலையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்கிறார் என்பதே அது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே முதன்முறையாக மருத்துவரைப் பார்க்க வருவோரும் இப்போது உண்டு என்பதால், இந்தக் கேள்விக்கு முறையான விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்கேன் முழங்காலின் உள்ளமைப்பைக் காட்டும். அங்கே தெரியும் குறைகளில் எது இன்றைய வலிக்குக் காரணம் என்று அது சொல்லாது. அதைப் பிரித்தறிவது பரிசோதனையின் வேலை. அந்த வேலை எப்படி நடக்கிறது, ஒவ்வொரு படியிலும் மருத்துவர் எதைத் தேடுகிறார் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

‘ஜவ்வு’ என்ற ஒரு சொல்லும் மூன்று உறுப்புகளும்

முழங்காலில் மேலே தொடையெலும்பு, கீழே டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்பு, முன்னால் முழங்கால் சில்லு ஆகிய மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. தொடையெலும்பின் முனை இரண்டு உருண்டைகளாக இருக்கிறது. டிபியாவின் மேற்பரப்போ ஏறத்தாழத் தட்டையானது. தட்டையின் மேல் உருண்டை நிற்பது இயல்பிலேயே உறுதியற்ற ஏற்பாடு. இடுப்பு மூட்டைப் போலப் பந்தும் கிண்ணமுமாக எலும்புகள் பொருந்தி நிற்கும் வசதி முழங்காலுக்கு இல்லை. ஆகவே அதன் உறுதி முழுவதும் நார்கள், குருத்தெலும்புத் தட்டுகள், தசைகள் ஆகியவற்றை நம்பியிருக்கிறது.

‘ஜவ்வு கிழிந்துவிட்டது’, ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று தமிழில் பொதுவாகச் சொல்கிறோம். இந்த ஒரே சொல் மூன்று வெவ்வேறு உறுப்புகளைக் குறிக்கப் பயன்படுவதுதான் நோயாளிகளின் குழப்பத்துக்கு முதற்காரணம்.

1. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. ‘மூட்டுத் தேய்மானம்’ என்பது முதன்மையாக இது மெலிவதைக் குறிக்கும். இதில் நரம்புகள் கிடையாது. படத்தில் நிறையத் தேய்ந்து தெரிந்தும் ஒருவருக்கு வலி குறைவாக இருக்கக்கூடும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. மெனிஸ்கஸ். இரண்டு எலும்புகளுக்கும் இடையே உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக அமைந்த பிறை வடிவக் குருத்தெலும்புத் தட்டுகள் இவை. உடல் எடையைப் பரப்பித் தாங்குவது இவற்றின் வேலை. வளர்ந்தவர்களில் இவற்றின் வெளி ஓரத்துக்கு மட்டுமே நல்ல இரத்த ஓட்டம் உண்டு.

3. லிகமெண்ட் எனப்படும் நார்கள். மூட்டின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் முன் சிலுவை நார், பின் சிலுவை நார் என இரண்டு. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று எனப் பக்க நார்கள் இரண்டு. ஒவ்வொன்றும் எலும்பு ஒரு குறிப்பிட்ட திசையில் நழுவாமல் பிடித்து வைக்கிறது.

மூன்றுக்கும் சிகிச்சை வேறு, ஓய்வுக் காலம் வேறு, அறுவை தேவைப்படும் சூழ்நிலையும் வேறு. எனவே ‘ஜவ்வில் பிரச்சினை’ என்று கேள்விப்பட்டவர், எந்த ஜவ்வு என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

தொடுவதற்கு முன் கேட்கும் கேள்விகள்

நல்ல பரிசோதனையின் பெரும்பகுதி கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்று சொல்வது மிகையாகாது. அடிபட்ட முழங்காலைப் பொறுத்தவரை மிகவும் மதிப்புள்ள கேள்வி, ‘எவ்வளவு நேரத்தில் வீங்கியது?’ என்பது. சிலுவை நாருக்குள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன; அது அறுந்தால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்து, ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பெருத்துவிடும். மூட்டுக்குள் எலும்பு முறிந்தாலும் இதே வேகத்தில் வீங்கும். மெனிஸ்கஸின் உட்பகுதிக்கு இரத்த ஓட்டம் இல்லை. அது கிழிந்தால் மூட்டின் உறை எரிச்சலுற்று மெல்ல மெல்ல நீர் சுரக்கும், வீக்கம் மறுநாள் காலையில்தான் கண்ணுக்குத் தெரியும். இப்படி, உள்ளே நடந்ததைக் கடிகாரத்தைக் கொண்டே ஓரளவு ஊகித்துவிட முடிகிறது.

அடிபட்ட விதமும் இதே அளவு முக்கியம். கபடியில் பாடிச் செல்பவர் பாதத்தை ஊன்றியபடி சட்டென்று உடலைத் திருப்பும்போது, யாரும் தொடாமலேயே ‘டப்’ என்று உள்ளே ஏதோ விட்டுப்போனதாக உணர்ந்து விழுந்தால், முன் சிலுவை நாரையே முதலில் ஐயுற வேண்டும். காரில் முன்னிருக்கையில் இருந்தவரின் மடங்கிய முழங்கால் டேஷ்போர்டில் மோதியிருந்தால் பின் சிலுவை நார். காலின் வெளிப்பக்கத்திலிருந்து அடி விழுந்திருந்தால் உட்பக்க நார். ஐம்பது வயதைத் தாண்டியவர் தரையிலிருந்து எழும்போது லேசாகச் சுரீரென்றது என்று சொன்னால், அது ஏற்கெனவே நைந்துபோன மெனிஸ்கஸாக இருக்கலாம்.

நோயாளி பயன்படுத்தும் சொற்களை மருத்துவர் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். ‘முட்டி பிடித்துக்கொள்கிறது’ என்பதும் ‘முட்டி நழுவிவிடுகிறது’ என்பதும் ஒன்றல்ல. நீட்ட முயலும்போது ஏதோ உள்ளே சிக்கியதுபோல் தடுத்து நின்றால், கிழிந்த மெனிஸ்கஸின் துண்டோ உதிர்ந்த குருத்தெலும்போ இடையில் மாட்டியிருக்கலாம். படிக்கட்டில் இறங்கும்போதோ திரும்பும்போதோ கால் பிடிகொடுக்காமல் மடங்கிப்போனால், நார் அறுந்திருக்கலாம், அல்லது வலியால் தொடைத் தசை ஒரு கணம் செயலிழந்திருக்கலாம். சம்மணமிட்டு உட்கார முடிகிறதா, தரையில் அமர்ந்து எழ முடிகிறதா, கழிப்பறையில் குந்த முடிகிறதா என்ற கேள்விகளும் நம் வாழ்க்கை முறையில் தவறாமல் கேட்கப்பட வேண்டியவை. நாற்காலியிலேயே வாழ்பவரிடம் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கும் குறை, தரையில் அமர்பவரிடம் முதல் வாரமே வெளிப்பட்டுவிடும்.

பார்த்தல்

பார், தொடு, அசை என்ற வரிசையை உலகெங்கும் மருத்துவ மாணவர்களிடம் பரப்பியவர் இங்கிலாந்தின் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆலன் கிரகாம் ஏப்லி. இந்த வரிசை காரணமின்றி வந்ததல்ல. வலிக்கும் இடத்தை முதலிலேயே அழுத்திவிட்டால் நோயாளி தசைகளை இறுக்கிக்கொள்வார். அதன்பின் செய்யும் எந்தச் சோதனையும் சரியான விடை தராது.

பார்ப்பதற்கு இரண்டு தொடைகளும் நடுப்பகுதி வரையாவது திறந்திருக்க வேண்டும். பேன்ட்டை முட்டி வரை சுருட்டிவிட்டு ஒரு காலை மட்டும் காட்டுவது போதாது. நோயாளி நிற்கும்போது கால்களின் அச்சு தெரியும்: உட்புற மூட்டு தேய்ந்தவர்களுக்குக் கால்கள் வில்போல் வெளியே வளைந்திருக்கும், சிலருக்கு முட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும். நடக்கும்போது, வலியுள்ள காலில் எடை தங்கும் நேரம் குறைந்திருப்பதும், ஒவ்வோர் அடியிலும் முட்டி பக்கவாட்டில் ஒதுங்குவதும் தெரியும்.

படுக்க வைத்ததும் தொடைகளின் பருமனை ஒப்பிட வேண்டும். முழங்காலில் வலியோ நீரோ இருந்தால், தொடையின் முன்புறத் தசை, குறிப்பாகச் சில்லுக்கு உட்பக்கம் மேலே உள்ள பகுதி, சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் மேலே இரு தொடைகளிலும் ஒரே உயரத்தில் டேப்பால் சுற்றளவு எடுத்தால் வேறுபாடு எண்ணாகக் கிடைக்கும். ‘வலி இருக்கிறது, ஆனால் எதுவும் தெரியவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படும் நோயாளிகளுக்கு இந்த அளவீடு ஒரு நியாயத்தைச் செய்கிறது. மெலிந்த தசை பொய் சொல்வதில்லை.

தொடுதல்: சூடு, நீர், வலியின் முகவரி

முதலில் புறங்கையால் வெப்பத்தை உணர வேண்டும். இயல்பான முழங்கால், அதற்கு மேலும் கீழும் உள்ள தொடை, கெண்டைக்கால் பகுதிகளைவிடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அந்தப் பகுதிகளுக்கு ஈடாகச் சூடாக இருந்தால்கூட அழற்சி இருக்கலாம். முட்டி சூடாகி, வீங்கி, காய்ச்சலும் சேர்ந்து, சிறிது அசைத்தாலும் நோயாளி துடித்தால், மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கிறதா என்பதை அன்றே ஊசியால் நீரெடுத்துச் சோதித்து முடிவு செய்ய வேண்டும். ஸ்கேனுக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் இடமில்லை இது; சீழ் தங்கும் ஒவ்வொரு நாளும் குருத்தெலும்பைக் கரைக்கிறது.

‘முட்டியில் நீர் கோத்திருக்கிறது’ என்பதை உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு. நிறைய நீர் இருந்தால், சில்லுக்கு மேலே தொடையை ஒரு கையால் அழுத்தி நீரைக் கீழே தள்ளி, மற்றக் கையின் விரல்களால் சில்லை அழுத்தினால், மிதந்துகொண்டிருந்த சில்லு தொடையெலும்பில் ‘டக்’ என்று தட்டி மேலெழும். நீர் குறைவாக இருந்தால், சில்லின் உட்பக்கக் குழியைக் கையால் மேல்நோக்கித் தடவி வெறுமையாக்கி, பிறகு வெளிப்பக்கத்தைத் தடவ வேண்டும். காலியான குழி மெல்லப் புடைத்து நிரம்பும். இரண்டாவது சோதனை சில மில்லிலிட்டர் நீரைக்கூடக் காட்டிக்கொடுக்கும் என்பதால், செய்யப் பழகிய கைகளுக்கு இது மிகவும் பயனுள்ளது.

அடுத்து, வலியின் துல்லியமான இடம். முழங்காலை மடக்கி, எலும்புகள் சேரும் கோட்டின் மீது விரல் நுனியை நகர்த்தும்போது வலித்தால் மெனிஸ்கஸ். அந்தக் கோட்டுக்கு மேலோ கீழோ நாரின் பாதையில் வலித்தால் பக்க நார். டிபியாவின் முன்புற மேட்டில் வலித்து, நோயாளி விளையாட்டில் ஈடுபடும் பதின்வயதினராக இருந்தால், வளர்ச்சிக் காலத்தில் அந்த மேட்டில் ஏற்படும் இழுவைப் புண். முட்டியின் பின்புறத்தையும் தொட மறக்கக் கூடாது. அங்கே தட்டுப்படும் மென்மையான கட்டி, பெரும்பாலும் மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கிய பேக்கர் கட்டியாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த லண்டன் மருத்துவர் வில்லியம் மொரன்ட் பேக்கரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அது உடைந்து நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கினால், காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததுபோலவே தோற்றமளித்து ஏமாற்றும்.

அசைத்தல்

நோயாளி தானே எவ்வளவு மடக்குகிறார், மருத்துவர் எவ்வளவு மடக்க முடிகிறது என இரண்டையும் அளக்க வேண்டும். இயல்பான முழங்கால் நேராக நீள்வதோடு ஏறத்தாழ 135 முதல் 140 பாகை வரை மடங்கும். குந்தி உட்காரப் பழகியவர்களிடம் இதற்கும் மேல். நீட்டுவதில் சில பாகைகள் குறைந்தாலும் நடை பாதிக்கப்படும் என்பதால், மடக்குவதைவிட நீட்டுவதன் குறைக்கே அதிகக் கவனம் தேவை.

இங்கே ஒரு சிறு சோதனை பெரும் தவறைத் தடுக்கிறது. படுத்த நிலையில் காலை முட்டி மடங்காமல் நேராக மேலே தூக்கச் சொல்ல வேண்டும். தொடைத் தசையும் அதன் நாணும், சில்லும், சில்லிலிருந்து டிபியாவுக்குச் செல்லும் நாணும் ஒரு சங்கிலிபோல வேலை செய்தால்தான் இது முடியும். தூக்கவே முடியாவிட்டால் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கக்கூடும். அதற்கு விரைவில் அறுவை சிகிச்சை தேவைப்படும். வீங்கிய முட்டியில் ‘சுளுக்கு’ என்று கட்டுப்போட்டு அனுப்பப்பட்டு, வாரங்கள் கழித்துக் கண்டுபிடிக்கப்படும் காயங்களில் இது முக்கியமானது. பத்து நொடியில் செய்யக்கூடிய இந்தச் சோதனையை விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இழுத்துப் பார்த்தல்: நார்களின் சோதனை

ஒவ்வொரு நாரும் எந்த நழுவலைத் தடுக்கிறதோ, அதே திசையில் எலும்பைத் தள்ளிப் பார்ப்பதே நார்ச் சோதனைகளின் தத்துவம். உடலுக்கு உடல் நெகிழ்ச்சி மாறும் என்பதால், நோயாளியின் மறுகால்தான் இங்கே அளவுகோல். வலிக்காத காலை மருத்துவர் முதலில் சோதிப்பதன் காரணம் இதுதான்.

பக்க நார்களுக்கு, கீழ்க்காலை வெளிப்புறமும் உட்புறமும் வளைத்துப் பார்க்க வேண்டும். இதை 30 பாகை மடக்கிய நிலையிலும், முழுவதும் நீட்டிய நிலையிலும் தனித்தனியே செய்ய வேண்டும். மடக்கிய நிலையில் மட்டும் மூட்டு திறந்தால் பக்க நார் மட்டும் பழுதாகியிருக்கலாம். நீட்டிய நிலையிலும் திறந்தால், மூட்டின் பின்புற உறையும் சிலுவை நார்களும் சேர்ந்து சேதமடைந்திருக்கின்றன என்று பொருள். இது முற்றிலும் வேறு தரத்திலான காயம்.

முன் சிலுவை நாருக்கு மிகவும் நம்பகமானது லாக்மன் சோதனை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்மன் கற்பித்த இம்முறையை, அவரிடம் பயின்ற ஜோசப் டோர்க் 1976-இல் எழுதி வெளியிட்டார். முட்டியை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறுகையால் டிபியாவை முன்னோக்கி இழுக்க வேண்டும். எவ்வளவு தூரம் வருகிறது என்பதோடு, எப்படி நிற்கிறது என்பதையும் கை உணர வேண்டும். நல்ல நார் கயிறு விறைத்ததுபோல் சட்டென்று நிறுத்தும். அறுந்திருந்தால் முடிவே இல்லாமல் மெத்தென்று நகரும்.

இதற்கு முன்பு வழக்கத்தில் இருந்தது, முட்டியை 90 பாகை மடக்கி இழுக்கும் இழுப்பறைச் சோதனை. மேசை இழுப்பறைபோல எலும்பு முன்னே வருவதால் அந்தப் பெயர். புதிதாக அடிபட்ட முட்டியைப் பல நேரங்களில் 90 பாகை மடக்கவே முடியாது. மடக்கினாலும் தொடையின் பின்புறத் தசைகள் இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால் நார் அறுந்திருந்தும் சோதனை இயல்பாகத் தோன்றலாம்.

இன்னொரு பொறியும் உண்டு. பின் சிலுவை நார் அறுந்திருந்தால், முட்டியை மடக்கிப் படுத்த நிலையில் டிபியா தன் எடையாலேயே பின்னே சரிந்திருக்கும். அதை அறியாமல் முன்னோக்கி இழுப்பவர், எலும்பு தன் இயல்பான இடத்துக்குத் திரும்புவதையே ‘முன்னே நழுவுகிறது’ என்று எண்ணி, நல்ல நாரை அறுந்ததாகத் தீர்ப்பளித்துவிடுவார். இழுப்பதற்கு முன், இரு முட்டிகளையும் மடக்கி வைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு முறை பார்த்தால் இந்தத் தவறு நேராது.

முறுக்கிப் பார்த்தல்: மெனிஸ்கஸின் சோதனை

லிவர்பூலின் தாமஸ் போர்ட்டர் மக்மரே பெயரால் அழைக்கப்படும் சோதனையில், முட்டியை முழுவதும் மடக்கி, பாதத்தை வெளிப்புறமோ உட்புறமோ திருப்பிப் பிடித்தபடி, மூட்டுக் கோட்டின் மீது விரல் வைத்து மெல்ல நீட்டுவார்கள். கிழிந்த பகுதி எலும்புகளுக்கிடையே நசுங்கி விடுபடும்போது வலியோடு ஒரு சொடுக்கு விரலில் தட்டும். வலியில்லாத சொடுக்கு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் பொருளற்றது. ஏப்லி 1947-இல் விவரித்த முறையில், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, கீழ்க்காலை அழுத்தித் திருகுவார்கள்.

இந்தச் சோதனைகளுக்கு வரம்பு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மக்மரே சோதனையில் ஒன்றும் தெரியாததால் மட்டும் மெனிஸ்கஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. கதை, வீங்கிய நேரம், மூட்டுக் கோட்டு வலி, முறுக்குச் சோதனை ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் முடிவுக்கு வலிமை வருகிறது.

எக்ஸ்-ரேயும் ஸ்கேனும் எப்போது?

அடிபட்ட எல்லா முட்டிக்கும் எக்ஸ்-ரே தேவையில்லை. கனடாவில் 1990-களில் உருவாக்கப்பட்ட ஒட்டாவா முழங்கால் விதிகளின்படி, கீழ்க்கண்டவற்றில் ஒன்றாவது இருந்தால் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும்:

1. வயது 55 அல்லது அதற்கு மேல்.
2. முட்டியின் வெளிப்புறம் கீழே, ஃபிபுலா எலும்பின் தலைப்பகுதியில் வலி.
3. வேறெங்கும் இல்லாமல் சில்லில் மட்டும் வலி.
4. முட்டியை 90 பாகை மடக்க இயலாமை.
5. அடிபட்டவுடனும், மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை.

எம்.ஆர்.ஐ. குறித்த எச்சரிக்கைக்கு அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் நடந்த ஓர் ஆய்வு அடிப்படையாகிறது. 50 முதல் 90 வயது வரையிலான 991 பொதுமக்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 2008-இல் முடிவுகள் வெளியாயின. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு, முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் எந்த வலியோ இறுக்கமோ இருந்ததில்லை. நரைத்த முடியைப் போல, வயதோடு வரும் மாற்றமாகவே பல கிழிசல்கள் இருக்கின்றன. பின்லாந்தில் 146 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு இதன் விளைவைக் காட்டியது: வயதால் நைந்து கிழிந்த மெனிஸ்கஸை நுண்துளை அறுவையில் வெட்டியெடுத்தவர்களும், வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களும் ஓராண்டுக்குப் பின் ஒரே அளவில்தான் குணமடைந்திருந்தார்கள்.

ஆகவே 55 வயதானவரின் அறிக்கையில் ‘மெனிஸ்கஸ் கிழிசல்’ என்ற வரி இருப்பதே அறுவைக்குப் போதிய காரணமாகாது. மறுபுறம், 20 வயது விளையாட்டு வீரருக்கு லாக்மன் சோதனையில் எலும்பு முடிவின்றி நகர்ந்தால், கூடவே மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறதா, குருத்தெலும்பு உதிர்ந்திருக்கிறதா என்று அறிய ஸ்கேன் மிகவும் தேவை. ஸ்கேனிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பரிசோதனைதான் வகுத்துத் தருகிறது.

முட்டிக்கு வெளியே

பலமான விபத்தில் முழங்கால் முற்றிலும் பிசகி, மருத்துவமனைக்கு வருவதற்குள் தானே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கலாம். எக்ஸ்-ரேயில் எலும்புகள் ஒழுங்காகத் தெரியும். ஆனால் முட்டியின் பின்னே ஓடும் பெரிய தமனி இழுபட்டுக் கிழிந்திருக்கக்கூடும். 6 முதல் 8 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் காலையே இழக்க நேரிடலாம். பல நார்கள் ஒருசேரத் தளர்ந்திருக்கும் முட்டியைக் கண்டால், பாதத்தின் நாடித்துடிப்பை இரு கால்களிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், பாதத்தை மேலே தூக்கச் சொல்லி நரம்பைச் சோதிப்பதும் மற்றெல்லாவற்றுக்கும் முன் வர வேண்டும்.

இன்னொன்று, முட்டியிலேயே இல்லாத முட்டி வலி. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு கொண்டுசெல்லும் நரம்புகளில் பொதுவானவை உண்டு. அதனால் இடுப்பில் உள்ள நோய் முட்டியில் வலியாக வெளிப்படலாம். பெரியவர்களிடம் இடுப்பு மூட்டுத் தேய்மானம் இப்படித் தோன்றும். குழந்தைகளிடம் இது மேலும் கவலைக்குரியது. 10 முதல் 16 வயதுக்குள், பெரும்பாலும் உடல் பருமனான சிறுவர்களுக்கு, தொடையெலும்பின் பந்து முனை வளர்ச்சித் தட்டிலிருந்து மெல்ல நழுவும் நோய் உண்டு. அந்தச் சிறுவன் கையால் காட்டுவது முட்டியைத்தான். முட்டியை எத்தனை முறை படமெடுத்தாலும் அதில் குறை இருக்காது. சிறுவனைப் படுக்கவைத்து, இடுப்பை மடக்கியபடி அந்தக் காலை மார்பை நோக்கிக் கொண்டுவரும்போது, முட்டி நேரே வராமல் தானாகவே வெளிப்புறமாக ஒதுங்கும். அதைக் கண்ட மருத்துவர், அவனை ஓரடிகூட நடக்கவிடாமல், இரு இடுப்புகளையும் நேரிலும் பக்கவாட்டிலும் எக்ஸ்-ரே எடுக்க அன்றே அனுப்ப வேண்டும்.